வெள்ளத்துக்காகக் காலியாக வைத்த இடம்

ஐப்பசி முடிந்தும் ஏரி நிறையவில்லை என்றால் நம் ஊர்களில் பேச்சே அதுதான். கரையேறிப் பார்த்துவிட்டு வருபவரை வழியில் நிறுத்தி, “எவ்வளவு தண்ணி கிடக்கு?” என்று கேட்பார்கள். நிறைந்த ஏரி நல்ல சேதி, காய்ந்த ஏரி கெட்ட சேதி. இந்தக் கண்ணோடு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மேற்குப் பக்கம் போனால் குழப்பமாக இருக்கும். மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, ஓடைகளுக்குக் குறுக்கே, நம் ஏரிக்கரையைப் போலவே புல் மூடிய மண் கரைகள் நிற்கும். கரை இரண்டு மூன்று மாடி உயரம் இருக்கும். உள்ளே கிடக்கும் தண்ணீரோ அடியில் ஒரு குட்டை அளவுதான். மழை பொய்த்துவிட்டது போலிருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த அணை வேலைக்குத் தயாராக நிற்கும் கோலமே அதுதான்.

ஓக்லஹோமாவில் மட்டும் இப்படி 2,100க்கும் மேற்பட்ட சிறு மண் அணைகள் இருக்கின்றன. நாடு முழுவதும் 47 மாநிலங்களில் ஏறத்தாழ 11,800. பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஓடையின் பெயரும் ஓர் எண்ணும்தான். தண்ணீரைச் சேர்த்து வைப்பது இவற்றின் முதல் வேலை இல்லை. பெருமழை வரும்போது ஓடையில் ஒரே மூச்சில் பாய்ந்து வரும் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சில நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் வேலை. அதனால் இவற்றில் காப்பாற்ற வேண்டிய சொத்து, உள்ளே இருக்கும் காலி இடம். கரையும் குழாயும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலிங்கலும் அந்தக் காலி இடத்தைக் காவல் காக்கவே இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் இந்த அணைகளின் கதையில் மீதி எல்லாம் விளங்கிவிடும். எங்கே கோளாறு வருகிறது என்பதும் சேர்த்துத்தான்.

வறட்சியும் வெள்ளமும் ஒரே பத்தாண்டில்

1930களின் ஓக்லஹோமா என்றால் புழுதிப் புயல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். புல்வெளியை உழுது கோதுமையும் பருத்தியும் போட்டார்கள், மழை பொய்த்தது, மேல்மண் காற்றோடு போனது. ஆனால் அதே பத்தாண்டில் அதே மண்ணைத் தண்ணீரும் அள்ளிக்கொண்டு போனது. பிடிப்பதற்குப் புல் வேர் இல்லாத சரிவில் பெருமழை விழுந்தால் மண்ணுக்குள் இறங்க நேரம் இருக்காது. வரப்பு உடைத்து, சேற்றோடு ஓடைக்கு ஓடும். 1934 ஏப்ரல் தொடக்கத்தில், மேற்கு ஓக்லஹோமாவில் ஓடும் வாஷிட்டா ஆற்றின் மேல்பகுதியில் ஹாமன் என்ற சிற்றூரை ஒட்டி இரவில் அப்படி ஒரு வெள்ளம் வந்தது. 17 பேர் இறந்தார்கள்.

ஹாமன் வெள்ளம் அந்தப் பக்கத்து விவசாயிகள் மனத்தில் ஒரு கேள்வியைப் போட்டது. வெள்ளத் தடுப்பு என்றால் அந்நாளில் ராணுவப் பொறியாளர் படை பெரிய ஆற்றின் குறுக்கே கட்டும் பெரிய அணை என்றுதான் அர்த்தம். ஆனால் இவர்கள் வயலை அழித்த வெள்ளம் பெரிய ஆற்றில் பிறந்ததில்லை. பெயர் தெரியாத சின்னச் சின்ன ஓடைகளில் பிறந்து ஒன்றாகச் சேர்ந்தது. அப்படியானால் அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க முடியாதா?

1935இல் அமெரிக்க வேளாண் துறைக்குள் மண் பாதுகாப்புக்கென்று ஒரு தனிச் சேவை அமைந்தது. அதன் முதல் தலைவர் ஹ்யூ பென்னட், மண் அரிப்பை வாழ்நாள் முழுதும் எதிர்த்து நின்ற மனிதர். 1936இன் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆறுகளின் மேல்பகுதி நிலங்களை ஆய்வு செய்யும் பொறுப்பை வேளாண் துறைக்குக் கொடுத்தது. 1944இல் வந்த அடுத்த சட்டம் 11 நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வேலை தொடங்க அனுமதித்தது. வாஷிட்டா அவற்றில் ஒன்று. உலகப் போர் முடிந்ததும் வேலை சூடுபிடித்தது. 1948இல் கோர்டெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் ஓடையில் கட்டிய மண் அணைதான் இந்த வகையில் அந்த நாட்டிலேயே முதலாவது. அப்புறம் சாண்ட்ஸ்டோன் கிரீக். அங்கே ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் கிளைக்கு ஒன்றாக 24 சிறு அணைகளைக் கட்டி 1950களின் தொடக்கத்தில் முடித்தார்கள். ஒரு நீர்ப்பிடிப்பை முழுமையாக இப்படிச் சீர்செய்தது அதுவே முதல் முறை.

1954இல் இந்த வழி நாடு முழுமைக்குமான சட்டமானது. பொதுச் சட்டம் 566 என்று எண்ணைச் சொல்லியே அழைக்கிறார்கள். இதில் இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, அளவுக்கு வைத்த உச்சவரம்பு. நீர்ப்பிடிப்பு 2.5 லட்சம் ஏக்கரைத் தாண்டக் கூடாது. ஓர் அணை பிடித்துவைக்கும் வெள்ளம், பின்னால் திருத்திய கணக்குப்படி, 12,500 ஏக்கர் அடியை மீறக் கூடாது. நம் கணக்கில் அது சுமார் அரை டிஎம்சி, செம்பரம்பாக்கம் ஏரியில் ஏழில் ஒரு பங்குக்கு அருகில். அதுவே உச்சம் என்றால், சாதாரணமாகக் கட்டியவை அதைவிட எவ்வளவோ சிறியவை. இரண்டாவது இன்னும் முக்கியம். அணைக்கு மேலே இருக்கும் நிலத்தில் குறைந்தது பாதிக்காவது, மண்ணைக் காக்கும் முறையில் விவசாயம் செய்வோம் என்று அந்த நில உடைமையாளர்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வரப்புக் கட்டு, சமமட்டத்தில் உழு, சரிவான நிலத்தைப் புல்லுக்கு விடு. மேலே மண் நின்றால்தான் கீழே அணை நிற்கும் என்பதை எழுதியவர்கள் நன்றாகத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். மேலே மண் ஓடினால் அந்தக் காலி இடம் வண்டலால் தூர்ந்துவிடும். அவ்வளவுதான்.

நிலத்தை அரசு விலைக்கு வாங்கவில்லை. விவசாயிகள் தங்கள் நிலத்தில் தண்ணீர் நிற்க உரிமை எழுதிக் கொடுத்தார்கள், பல இடங்களில் காசு வாங்காமலே. பராமரிப்பு, உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டம் போன்ற அமைப்புகளின் பொறுப்பு. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்ற பெயரைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது.

ஆள் இல்லாமல் இயங்கும் அணை

இந்த அணையில் திறந்து மூடும் கதவு கிடையாது. இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். கிராமத்து அணைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, மழை இரவில் மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

உள்வாயில், கரைக்குச் சற்று முன்னால், கான்கிரீட்டால் ஒரு சதுரக் கோபுரம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும். உள்ளே வெறும் கூடு. மேலே குப்பையைத் தடுக்கும் கம்பி வலை. கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் கரைக்குக் கீழாகவே போய் மறுபக்கம் ஓடையில் திறக்கும். தண்ணீர் கோபுரத்தின் விளிம்பைத் தொட்டவுடன் தானாக உள்ளே விழுந்து, குழாய் வழியாக வெளியேறும். விளிம்புக்குக் கீழே நிற்பதுதான் நாம் பார்த்த அந்தக் குட்டை. அந்த இடத்தையும் தண்ணீருக்கென்று ஒதுக்கவில்லை. பொதுவாக 50 ஆண்டுகளில் வந்து சேரும் வண்டலுக்கென்று ஒதுக்கியது. வண்டல் வரும்வரை தண்ணீர் குடியிருக்கிறது, மாடு குடிக்கிறது, பையன்கள் தூண்டில் போடுகிறார்கள்.

விளிம்புக்கு மேலே கலிங்கல் மட்டம் வரை இருப்பதுதான் காலி இடம். மழை வெள்ளம் வரும்போது வரத்து அதிகம், குழாய் சிறியது. மிச்சம் எல்லாம் அங்கே ஏறி நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் புரியும். 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. பெருமழையில் 100 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் வழிந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். அணை இல்லாவிட்டால் அது 6 மணி நேரத்தில் ஓடையைக் கடக்கும். சராசரியாக வினாடிக்கு 23,000 லிட்டர். வினாடிக்கு இரண்டு தண்ணீர் லாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அது சராசரிதான், உச்சம் அதைவிட அதிகம். அதே தண்ணீரை அணை வாங்கி வைத்து 8 நாள்களில் விட்டால் வினாடிக்கு சுமார் 720 லிட்டர். அந்த அளவு ஓடையின் கரைக்குள்ளேயே போய்விடும். தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. அது வந்து சேரும் நேரம்தான் மாறியது.

எட்டு நாள், பத்து நாள் என்று கணக்கு வைப்பதற்கும் காரணம் உண்டு. அடுத்த மழைக்குள் இடம் காலியாக வேண்டும். முதல் வெள்ளம் உள்ளே நிற்கும்போதே இரண்டாவது வந்தால் அணையால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அப்படியும் ஒருநாள், வடிவமைத்ததைவிடப் பெரிய மழை வரத்தான் செய்யும். அதற்குத்தான் கரையின் ஒரு பக்கத்தில், கரை மண்ணைத் தொடாமல், இயற்கையான மேட்டு நிலத்தில் அகலமாக வெட்டிப் புல் வளர்த்த ஒரு வாய்க்கால். இதை அவர்கள் துணை வழிந்தோடி என்ற பொருளில் சொல்கிறார்கள். நமக்குக் கலிங்கல், தெற்கே மறுகால், இலங்கையில் வான். கலிங்கல் என்ற சொல்லையே வெள்ளைக்காரப் பொறியாளர்கள் நம்மிடமிருந்து எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் பழக்கத்தில் ஒரு பெரிய வேறுபாடு. நம் ஏரியில் கலிங்கல் பாய்ந்தால் பூசை போடுவோம், ஆடு வெட்டுவோம். அங்கே அந்தப் புல் வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் பொறியாளருக்குத் தூக்கம் போய்விடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில இடங்களில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மட்டுமே அது பாய வேண்டும் என்பது கணக்கு.

இவ்வளவு தண்ணீரையும் புல் தாங்குமா என்ற கேள்விக்கு வாயால் சொன்ன பதில் போதாது என்று, ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் 1940 வாக்கில் ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமே அமைத்தார்கள். பெரிய ஏரியிலிருந்து தண்ணீரைத் திருப்பி, விதவிதமான புல் வளர்த்த வாய்க்கால்களில் பாயவிட்டு அளந்தார்கள். புல்லின் பலம் அது படுத்துக்கொள்வதில் இருக்கிறது. வேகமாகத் தண்ணீர் வரும்போது தழை மடிந்து பாய்போல மண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் ஓரிடத்தில் திட்டாகப் புல் இல்லாமல் இருந்தாலோ, நடுவே ஒரு மரமோ கம்பமோ நின்று தண்ணீரைச் சுழற்றினாலோ, அங்கிருந்து மண் பெயரும். ஆகையால் புல் ஒரே சீராக இருக்க வேண்டும்.

பெரியதா, சிறியதா

1950களில் இந்தக் கேள்வி அமெரிக்காவில் பெரிய சண்டையாகவே நடந்தது. 1951இல் கான்சாஸ் மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தது. பிக் புளூ ஆற்றில் டட்டில் கிரீக் என்ற பெரிய அணை கட்ட வேண்டும் என்று கீழே இருந்த நகரங்கள் கேட்டன. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த விவசாயிகளும் சிற்றூர்க்காரர்களும் தங்கள் ஊர்கள் மூழ்கும் என்று கடுமையாக எதிர்த்தார்கள். மேலே சின்ன அணைகளைக் கட்டுங்கள், அதுவே போதும் என்பது அவர்கள் வாதம். தோற்றார்கள். டட்டில் கிரீக் 1962இல் முடிந்தது.

அந்த விவசாயிகளின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் கணக்கில் அவர்கள் சொன்னது முழு உண்மை இல்லை. லூனா லியோபோல்ட் போன்ற நீரியல் அறிஞர்கள் அப்போதே தெளிவாகச் சொன்னார்கள்: சிறு அணை அதற்கு உடனடியாகக் கீழே இருக்கும் வயலையும் ஊரையும் நன்றாகக் காக்கும். கீழே போகப் போக அணை இல்லாத ஓடைகள் வந்து சேரும். நூறு கிலோமீட்டர் தள்ளி, பெரிய ஆற்றங்கரை நகரத்தில் அந்தச் சிறு அணையின் பலன் அளக்க முடியாத அளவுக்குக் கரைந்துவிடும். பெரிய அணை அந்த நகரத்தைக் காக்கும், ஆனால் அதற்கு மேலே இருக்கும் ஓடையோரத்து விவசாயிக்கு ஒன்றும் செய்யாது. இரண்டும் வேறு வேறு ஆள்களைக் காக்கின்றன. சிறு அணை கட்டிவிட்டோம், இனி வெள்ளமே வராது என்று ஒரு மாவட்டத்துக்கே உறுதி சொல்பவரை நம்பக் கூடாது. இந்த ஓடையில், இந்த ஊர் வரை, இந்த அளவு மழைக்கு என்று சொல்பவரை நம்பலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மண்கட்டி

மண் கரை உடைவதற்குப் பொதுவாக இரண்டு வழி. மேலே ஏறி வழிந்து அறுத்துக்கொண்டு போவது ஒன்று. உள்ளே புகுந்து குடைந்துகொண்டு போவது மற்றது.

முதலாவது எப்படி நடக்கிறது என்பதை ஸ்டில்வாட்டர் ஆய்வுக்கூடத்தில் உண்மையான மண் கரைகளைக் கட்டி, வேண்டுமென்றே வழியவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கரை உச்சியிலிருந்து உடைப்பு தொடங்காது. தண்ணீர் வெளிச்சரிவில் இறங்கும்போது எங்கோ ஓரிடத்தில் புல் பிய்ந்து சிறு படி விழும். கீழேயும் மேலேயும் இன்னும் சில படிகள். அவை சேர்ந்து ஒரே பெரிய அருவியாகும். அருவியின் அடி மண்ணைத் தோண்டும், மேல் விளிம்பு சரியும், அருவி பின்னால் நகரும். இப்படியே அது உள்வாயை நோக்கி நடந்து வருகிறது. உச்சியைக் கடந்து உள்சரிவைத் தொடும்வரை கரை நிற்பது போலவே தெரியும். தொட்ட நிமிடம் எல்லாம் போய்விடும். மணற்பாங்கான மண் சீக்கிரமே கரைந்து போகிறது. சரியான ஈரத்தில் இறுக்கிய களிமண்ணோ அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் தாங்குகிறது. கீழே இருப்பவர்களுக்கு அந்த மணி நேரங்கள்தான் உயிர்.

‘சரியான ஈரம்’ என்பது வெறும் பேச்சு இல்லை. மண்ணை இறுக்க எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதை ரால்ஃப் பிராக்டர் என்ற கலிபோர்னியப் பொறியாளர் 1933இல் சோதனை முறையாக வகுத்தார். இன்றைக்கும் ரோடு போடுகிறவர்கள் ‘பிராக்டர்’ பார்ப்பது அவர் பெயரைச் சொல்லித்தான். காய்ந்த மண்ணை எவ்வளவு உருட்டினாலும் துகளுக்கு நடுவே காற்று நிற்கும். அதிக ஈரம் என்றால் சேறாகி ரோலருக்கு அடியில் பிதுங்கும். நடுவில் ஒரு நிலை இருக்கிறது: கையில் எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் ஒரு சாண் அளவு அடுக்கடுக்காகப் போட்டு, ஆட்டுக் குளம்பு போல முனை வைத்த ரோலரால் மிதித்து மிதித்து ஏற்ற வேண்டும். ஓர் அடுக்கில் சோம்பேறித்தனம் செய்தால் அந்த அடுக்குதான் ஐம்பது ஆண்டு கழித்தும் தண்ணீருக்கு வழி காட்டும்.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இந்தச் சிறு அணைகளில் சில, நல்ல களிமண்ணால், முறையாகக் கட்டியவை, முதல் முறை தண்ணீர் ஏறியபோதே உள்ளே குடைந்து உடைந்தன. காரணம் புரியாமல் தவித்தார்கள். ஜேம்ஸ் ஷெரார்ட் என்ற மண் அணை நிபுணர் 1970களின் தொடக்கத்தில் இவற்றை ஊன்றி ஆராய்ந்தார். கோளாறு களிமண்ணின் வேதியியலில் இருந்தது. சோடியம் அதிகமாக உள்ள சில களிமண்கள் சாதாரணத் தண்ணீர் பட்டதும் ஒட்டும் தன்மையை விட்டுவிட்டு, துகள் துகளாகப் பிரிந்து மிதக்கத் தொடங்கிவிடும். கரையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். மெதுவாகக் கசியும் தண்ணீர்கூட அந்தத் துகள்களைச் சுமந்துகொண்டு போகும், வெடிப்பு குழாயாகும், குழாய் குகையாகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை மெதுவாக அடியில் விடுங்கள். கலக்கக் கூடாது. சாதாரணக் களிமண் ஊறும், இடிந்து சிறு குவியலாகப் படியும். மேலே தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தக் கெட்ட களிமண் என்றால், கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியது போல மெல்லிய மூட்டம் எழும்பி, டம்ளரின் அடியில் படர்ந்து, மணிக்கணக்கில் படியாமல் நிற்கும். பொறியாளர்கள் இந்தச் சோதனையையும் செய்கிறார்கள். கூடவே இறுக்கிய மண்ணில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு அதன் வழியாகத் தண்ணீர் விட்டு, வருவது தெளிவா கலங்கலா என்று பார்க்கும் ஊசித்துளைச் சோதனையும் ஷெரார்டும் அவருடைய சகாக்களும் வகுத்ததே.

மருந்தும் எளிமையானது. அந்த மண்ணோடு கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் அது கரையாது. அதைவிடப் பெரிய மாற்றம் குழாயைச் சுற்றி வந்தது. கரைக்கு அடியில் குழாய் போகும் இடம்தான் எப்போதும் பலவீனமான இடம். முன்பெல்லாம் குழாயைச் சுற்றி அங்கங்கே கான்கிரீட் காலர் போட்டு, கசிவை மறித்துவிட்டதாக நினைத்தார்கள். காலரின் மூலைகளில் ரோலர் போக முடியாது. மண் சரியாக இறுகாது. மறிக்க வைத்ததே வழியாகிப் போனது. 1980களின் நடுவில் இதைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணலால் ஒரு தடுப்புச் சுவர் வைக்கத் தொடங்கினார்கள். பொறுக்கி எடுத்த மணல். தண்ணீரை விடும், மண் துகளை விடாது. காபி வடிகட்டி செய்யும் வேலைதான். கசிவை நிறுத்த முடியாது, அதனோடு மண் போகாமல் தடுத்தால் போதும் என்ற இந்த அறிவு, பல அணைகளை இழந்த பிறகு வந்தது.

காலி இடத்தைத் தின்பவை

சாகாத அணை கிடையாது. ஆனால் இந்தச் சிறு அணைகள் மெல்ல மெல்ல, யாரும் கவனிக்காமல் கெடுகின்றன.

வண்டல் ஒன்று. அதிலே ஓர் ஆறுதலும் உண்டு: பல இடங்களில் விவசாயிகள் உழவை விட்டுப் புல்லுக்கு மாறியதால், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வண்டல் வந்தது. தொடக்க காலத்தில் போட்ட நெளிதகடு இரும்புக் குழாய்கள் துருப்பிடிப்பது இன்னொன்று. நீர்நாய் போன்ற உருவில் உள்ள பீவர் என்ற பிராணி, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே குச்சியும் சேறும் கொண்டுவந்து அடைக்கும் பழக்கம் உடையது. அது கோபுரத்து வலையை அடைத்துவிட்டால் தண்ணீர்மட்டம் ஏறி, வெள்ளத்துக்கு வைத்த இடம் சத்தமில்லாமல் நிறைந்துவிடும். மீன் பிடிக்கவும் அழகுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தலாமே என்று மனிதர்கள் ஆசைப்படுவதும் இதே விளைவைத்தான் தரும். 1889இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரத்தை அழித்த சவுத் ஃபோர்க் அணை வேறு வகை, கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டியது. ஆனால் பாடம் ஒன்றே. பிற்காலத்தில் அது பணக்காரர்களின் மீன்பிடி மன்றத்தின் கைக்குப் போனது. கரை உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். அடிக்குழாய்களைப் பெயர்த்து எடுத்த பிறகு மறுபடி யாரும் பொருத்தவில்லை. கலிங்கலில் மீன் தப்பாமல் இருக்க வலை அடித்திருந்தார்கள். மே 31 மழையில் கரை வழிந்து உடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள்.

மரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையில் மரம் வைப்பது நல்ல காரியம் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறார்கள். நம் பழைய ஏரிகளில் பனை நட்டதை அகலமான கரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தச் சிறு அணையில் கரை ஒல்லி. பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு பள்ளம் கரை மண்ணை எடுத்துக்கொண்டு போகும். நின்றபடியே செத்தால் வேர் மக்கி, அந்த இடத்தில் தண்ணீருக்கு ஆயத்தமான குழாய் கிடைக்கும். அதோடு நிழலில் புல் வளராது, வளை தோண்டும் பிராணிகள் தங்கும், கசிவு கண்ணுக்குத் தெரியாது. ஓக்லஹோமாவில் செஞ்சீடர் என்ற மரம் தானாகவே முளைத்துப் பரவுகிறது. கன்றாக இருக்கும்போது வெட்டினால் அரை நாள் வேலை, பத்து ஆண்டு விட்டால் பெருஞ்செலவு.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கரைக்கு வெளியே, கீழே இருக்கிறது. 1950களில் இந்த அணைகளைக் கட்டியபோது கீழே வெறும் வயல். உடைந்தாலும் பயிர்தான் போகும் என்று குறைந்த ஆபத்து வகையில் சேர்த்து, அதற்கேற்ற கலிங்கலோடு கட்டினார்கள். வெள்ளம் வராமல் நின்றது. நின்றதால் நிலத்துக்கு மதிப்பு கூடியது. வீடுகள் வந்தன. அணை உடைந்தால் அந்த வீட்டில் உயிர் போகும் என்றால், அன்றிலிருந்து அது அதிக ஆபத்து வகை அணை. அணையில் ஒரு விரிசல்கூட விழாமலேயே வகை மாறிவிடுகிறது. அதிக ஆபத்து வகைக்குரிய மழைக் கணக்கோ பல மடங்கு பெரியது. அதே கலிங்கல் இப்போது போதாது. அந்த வீட்டை அங்கே கட்ட அனுமதித்தவர் வேறு, அணையைப் பராமரிப்பவர் வேறு, கட்டக் காசு கொடுத்தவர் வேறு. பொறுப்பு யாருடையது என்பதில் வரும் இந்த ஓட்டைதான் மண்ணில் வரும் ஓட்டையைவிட என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

2000ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பழைய அணைகளைப் புதுப்பிக்கும் செலவில் 65 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்கும். மீதி உள்ளூர். கரையை உயர்த்துவது, கோபுரத்தையும் குழாயையும் மாற்றுவது, கலிங்கலை அகலப்படுத்துவது என்று வேலை நடக்கிறது, ஆயிரக்கணக்கான அணைகளுக்கு முன்னால் மெதுவாகத்தான். 2015 மே மாதம், நீண்ட வறட்சிக்குப் பிறகு, ஓக்லஹோமாவின் பதிவிலேயே மிக அதிக மழை பெய்த மாதம். மாநிலச் சராசரியே 14 அங்குலத்தைத் தாண்டியது. இப்படிப்பட்ட மழைக்குத்தான் அந்தக் காலி இடம் தயாராக இருக்க வேண்டும்.

நிறைந்த குளத்தில் இடம் இல்லை

நம் பக்கம் திரும்பினால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த மழைக்கு எந்த ஊர்க் குளமும் வடிவமைக்கப்பட்டதில்லை என்பது உண்மை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் குளம் பாசனத்துக்கானது. பருவத்தின் முதல் மழையில் காலியாக இருக்கும்போது அது வெள்ளத்தை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். நிறைந்த பிறகு, வருகிற தண்ணீர் அத்தனையும் மறுகாலில்தான் போயாக வேண்டும். மறுகால் தூர்ந்தோ ஆக்கிரமிப்பில் குறுகியோ இருந்தால் கரைமேல் ஏறும். சங்கிலியாக அமைந்த குளங்களில் மேலது உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் அடுத்த குளத்தின் கரையில் போய் மோதும். பாசனக் குளத்தைக் காட்டி ‘இது வெள்ளத்தையும் தடுக்கும்’ என்று சொல்லும்போது, எந்த மாதத்தில், எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்றால், ஓக்லஹோமா அணைகளில் செய்ததுபோல, இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது என்று கான்கிரீட்டிலேயே ஒரு விளிம்பை வைத்துவிட வேண்டும். விவசாயி அதற்கு லேசில் ஒப்ப மாட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தை மாதம் தண்ணீர் இல்லாமல் பயிர் காயும்போது வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கியவர்கள் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. ஒதுக்கும் இடத்துக்கு ஈடாக அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே பேசி எழுதிவைத்தால்தான் அந்த விளிம்பு நிலைக்கும்.

பெருமழை விட்ட மறுவாரம் இப்படிப்பட்ட அணையைப் பார்க்கப் போகிறவர் முதலில் கரையின் வெளிப்பக்க அடியில் நடப்பார். புல் எங்கேயாவது மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கிறதா, காலில் சொதசொதவென்று படுகிறதா என்று பார்ப்பார். கசிவு இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் குறித்துக்கொண்டு நகர்வார். கலங்கலாக இருந்தால் அங்கேயே நின்று போன் எடுப்பார். குழாய் வாய், கோபுரத்து வலை, கலிங்கலில் புல். அப்புறம் கரையேறி உள்சரிவைப் பார்ப்பார். அங்கே, குட்டைக்கு வெகு மேலே, காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும் ஒரே மட்டத்தில் கோடு போட்டது போல ஒதுங்கிக் கிடக்கும். அந்த இரவில் தண்ணீர் ஏறி நின்ற உயரம் அது. டேப்பை எடுத்து அந்தக் கோட்டிலிருந்து கலிங்கல் மட்டத்துக்கு இன்னும் எத்தனை அடி மிச்சம் இருந்தது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார்.